கூலிங் வராத ஏசியும் வில்லிஸ் கேரியரும்: பழுதைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் ஒரு இன்ஜினீயரின் வாழ்க்கை

வீட்டில் ஏசி ஓடுகிறது, ஆனா கூலிங் வரவில்லை. மெக்கானிக் வருகிறார். அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டு, கேஸ் போயிடுச்சு, ஃபில் பண்ணணும் என்கிறார். பணத்தைக் கொடுத்தால் ரெண்டு மாசம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் மறுபடியும் அதே கதை. கோடை வந்தால் பல வீடுகளில் நடப்பது இதுதான். பணம் போகிறது, பழுது போகவில்லை. காரணம், பழுது எங்கே இருக்கிறது என்று யாரும் முழுசாகத் தேடிப் பார்க்கவில்லை.

ஏசி என்ற இயந்திரமே ஒரு பழுதைத் தேடிப் போனதில் பிறந்ததுதான். தேடிப் போனவர் வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர். நவீன ஏர் கண்டிஷனிங்கின் தந்தை என்று அழைக்கப்படும் அமெரிக்க இன்ஜினீயர். அவர் எப்படிப் பழுதைக் கண்டுபிடித்தார், செலவை எப்படிக் கணக்குப் போட்டார் என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டு ஏசி ரிப்பேருக்கும் அது உதவும்.

ஆப்பிளை வெட்டிக் கற்ற கணக்கு

கேரியர் பிறந்தது 1876 நவம்பர் 26. ஊர், நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கோலா. விவசாயக் குடும்பம். வீட்டில் ஒரே பிள்ளை. அம்மா எலிசபெத்துக்குக் கடிகாரம், தையல் மெஷின் என்று வீட்டில் எது நின்றுபோனாலும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் கை இருந்தது.

சிறுவன் கேரியருக்குப் பின்னங்கள் புரியவில்லை. அம்மா ஆப்பிள்களைக் கொண்டுவரச் சொல்லி, பாதி, கால், அரைக்கால் என்று வெட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். பெரிய சிக்கலைச் சின்னச் சின்னத் துண்டாக்கிப் பார்த்தால் புரிந்துவிடும் என்ற பாடம் அன்றே மனதில் பதிந்துவிட்டது. அந்த அம்மா, மகனுக்கு 11 வயதாக இருக்கும்போது இறந்துபோனார்.

வீட்டில் பண வசதி இல்லை. சில காலம் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு 1897-ல் உதவித்தொகையோடு கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புல் வெட்டுவது, அடுப்பு பார்ப்பது, சாப்பாட்டு மேஜையில் பரிமாறுவது, மாணவர்களுக்கான சலவைத் தொழில் என்று கிடைத்த வேலை எல்லாம் செய்துதான் படிப்பை முடித்தார். 1901-ல் பட்டம் வாங்கியதும், பஃபலோ நகரில் இருந்த பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

உத்தேசம் வேண்டாம், அளந்து பார்

பஃபலோ ஃபோர்ஜ் மின்விசிறிகளையும் வெப்பமூட்டும் கருவிகளையும் செய்துவந்தது. மரம் உலர்த்த, காபிக் கொட்டை உலர்த்தச் சூடான காற்றை அனுப்பும் அமைப்புகளை வடிவமைப்பது கேரியரின் வேலை. வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று அவர் கண்ணில் பட்டது. எவ்வளவு நீளக் குழாயில் எவ்வளவு வெப்பம் காற்றுக்குப் போகும் என்பதற்குச் சரியான கணக்கே யாரிடமும் இல்லை. எல்லாம் ஒரு உத்தேசம். தப்பாகிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகவே செய்துவிடுவார்கள். அதற்கான கூடுதல் செலவு யாரோ ஒருவர் தலையில் விழும்.

கேரியர் வேலை நேரம் போக மீதி நேரத்தில் சோதனை செய்து, காற்றின் வேகம், நீராவியின் வெப்பம், குழாயின் பரப்பு என்று எல்லாவற்றையும் அளந்து அட்டவணை போட்டார். அந்த அட்டவணைகளால் நிறுவனம் ஒரே பருவத்தில் 40,000 டாலர் மிச்சம் பிடித்தது என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நிறுவனம் அவருக்கு ஒரு ஆய்வுக்கூடமே அமைத்துக் கொடுத்தது.

அச்சு மெஷினில் பழுது இல்லை, காற்றில்தான் பழுது

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட்-வில்ஹெம்ஸ் அச்சகத்துக்கு ஒரு தலைவலி. அங்கே வண்ணப் படங்கள் அச்சாகும். ஒரே தாளில் முதலில் ஒரு நிறம், அது காய்ந்ததும் அதன் மேல் அடுத்த நிறம் என்று பலமுறை மெஷினுக்குள் போய்வர வேண்டும். கோடையில் காற்றில் ஈரம் ஏறினால் தாள் உப்பும், ஈரம் குறைந்தால் சுருங்கும். நேற்று அடித்த மஞ்சளுக்கும் இன்று அடிக்கும் நீலத்துக்கும் இடையே ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் படம் கலங்கிவிடும். தாளும் மையும் வீண், ஆட்களின் உழைப்பும் வீண். பத்திரிகைகளுக்குச் சொன்ன தேதியில் கொடுக்கவும் முடியாது.

அச்சகத்தின் சார்பில் வால்டர் டிம்மிஸ் என்ற ஆலோசனைப் பொறியாளர் பஃபலோ ஃபோர்ஜின் நியூயார்க் அலுவலகத்துக்கு வந்தார. அங்கே விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்த இர்வின் லைல், இந்த வேலைக்குக் கேரியர்தான் சரி என்று அனுப்பிவைத்தார்.

கேரியர் நேராக இயந்திரம் செய்ய உட்காரவில்லை. தாளை எது பாதிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தார். வெப்பத்தைவிட ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் தாளைக் கெடுக்கிறது. ஆகவே காற்றிலிருந்து எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முதல் முயற்சியாக, கால்சியம் குளோரைடு உப்புக் கரைசலில் நனைத்த சாக்குத் துணி வழியாகக் காற்றை அனுப்பிப் பார்த்தார். ஈரம் இறங்கியது. ஆனா காற்றோடு உப்பும் சேர்ந்து வந்தது. இரும்பு இருக்கும் அச்சகத்தில் உப்புக் காற்று எதற்கு ஆகும்? அந்த வழியைக் கைவிட்டார்.

அடுத்து, வானிலைத் துறையின் அட்டவணைகளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். குளிர்ந்த குழாய்மேல் காற்று பட்டால் அதில் உள்ள நீராவி தண்ணீராக மாறி வடியும். ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரிதான். குழாயின் வெப்பநிலை என்ன, அதன் மேல் போகும் காற்றின் வேகம் என்ன என்பதைச் சரியாகப் பொருத்தினால், அறையின் ஈரப்பதத்தை நினைத்த இடத்தில் நிறுத்திவைக்கலாம். ஆண்டு முழுக்க 55 சதவீதம் என்று இலக்கு வைத்தார். 1902 ஜூலை 17 என்று தேதியிட்ட அந்த வரைபடங்கள்தான் நவீன ஏர் கண்டிஷனிங்கின் பிறப்புச் சான்றிதழ். அப்போது கேரியருக்கு வயது 25.

ஒரு டன் ஏசி என்றால் என்ன?

புரூக்ளின் அமைப்பில் இரண்டு வரிசைக் குழாய்கள் இருந்தன. ஒன்றில் ஆழ்கிணற்றின் குளிர்ந்த நீர் ஓடியது. இன்னொன்று அமோனியா கம்ப்ரசரோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்டு, அதாவது சுமார் 49,000 கிலோ ஐஸ் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ, அவ்வளவு குளிர்ச்சியை அது தரும்.

இந்த ஐஸ் கணக்குதான் இன்று நம் வீட்டு ஏசியில் டன் என்று இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல் அது ஏசியின் எடை இல்லை. ஒரு அமெரிக்க டன் ஐஸை, அதாவது 907 கிலோவை, 24 மணி நேரத்தில் உருக்குவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன்தான் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியூ. கேரியரின் முதல் அமைப்பு 54 டன். நம் வீட்டின் ஒன்றரை டன் ஏசிகள் 36 சேர்ந்தால்தான் அதற்குச் சமம்.

பனிமூட்டம் காட்டிய வழி

புரூக்ளின் அமைப்போடு கேரியரின் மனம் நிறைவடையவில்லை. அதே 1902-ன் இறுதியில் ஒரு இரவு, பிட்ஸ்பர்க் ரயில் நிலைய மேடையில் ரயிலுக்குக் காத்திருந்தார். சுற்றிலும் அடர்ந்த பனிமூட்டம். காற்று முழுக்க நனைந்திருந்தாலும், குளிர் நாள் என்பதால் அதில் மொத்தமாக இருக்கும் நீரின் அளவு குறைவுதான் என்று அவர் யோசித்தார். அப்படியானால் வேண்டிய வெப்பநிலையில் தண்ணீரைத் தெளித்து, அதன் வழியே காற்றை அனுப்பினால், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். தண்ணீரைக் கொண்டே காற்றை உலர்த்துவது. கேட்டால் முரணாகத் தெரியும். ஆனா வேலை செய்தது. தூசியும் கூடவே கழுவப்பட்டது. இதற்கான காப்புரிமை 1906 ஜனவரி 2-ல் கிடைத்தது.

ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை வைத்தவர் கேரியர் இல்லை. அதே 1906-ல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற ஜவுளித் துறைப் பொறியாளர் பயன்படுத்திய சொல் அது. 1911-ல் காற்று, ஈரம், வெப்பம் மூன்றுக்கும் உள்ள உறவைச் சூத்திரங்களாக எழுதி, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் கேரியர் ஒரு கட்டுரை படித்தார். ஏசி வடிவமைப்பவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் சைக்ரோமெட்ரிக் வரைபடத்துக்கு அடித்தளம் அதுதான்.

தூக்கத்தைக் கெடுத்த 20,000 டாலர்

பஃபலோ ஃபோர்ஜில் இருந்த இளமைக் காலத்தில் அவர் ஒரு பெரிய சிக்கலில் மாட்டினார். மிசௌரி மாநிலம் கிரிஸ்டல் சிட்டியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. அங்கே இன்ஜின்களுக்குப் போகும் எரிவாயுவைச் சுத்தப்படுத்தும் கருவியைப் பொருத்தப் போனார். அந்த முறை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், அதுவும் வேறு சூழ்நிலையில் பரிசோதிக்கப்பட்டிருந்தது. கருவி ஓடியது. ஆனா நிறுவனம் எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தின் அளவுக்கு ஓடவில்லை.

கேரியருக்கு வயிற்றைப் பிசைந்தது. ராத்திரி தூக்கம் போச்சு. கவலைப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றியபோது, பயத்தை மூன்றாகப் பிரித்தார். முதல் கேள்வி: அதிகபட்சம் என்ன நடக்கும்? ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள். தன் வேலை போகலாம். கருவியைக் கழற்ற வேண்டிவந்தால் நிறுவனத்துக்கு 20,000 டாலர் நஷ்டம். இரண்டாவது, அதுவே நடந்தாலும் பரவாயில்லை என்று மனதளவில் ஏற்றுக்கொள்வது. வேறு வேலை தேடிக்கொள்ளலாம், நிறுவனமும் அந்த நஷ்டத்தை ஆராய்ச்சிச் செலவாக எழுதிக்கொள்ளலாம். அப்படி ஏற்றுக்கொண்டதும் பல நாள் கழித்து மனம் அமைதியானது. மூன்றாவது, அந்த நஷ்டத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்ப்பது.

மறுபடி சோதனைகள் செய்தார். இன்னும் 5,000 டாலர் செலவு செய்து கூடுதல் கருவி பொருத்தினால் சிக்கல் தீரும் என்று கணக்கு காட்டியது. பொருத்தினார்கள். 20,000 டாலர் நஷ்டமாக முடிய வேண்டிய வேலை, 15,000 டாலர் லாபத்தில் முடிந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, கவலையை விடுவது பற்றி டேல் கார்னகி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் இந்தச் சம்பவம் இடம்பெற்றது. ஏசியோடு சம்பந்தமே இல்லாத பலருக்கும் கேரியரின் பெயர் தெரிந்தது அப்படித்தான்.

வேலை போனது, கம்பெனி பிறந்தது

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும், கருவி உற்பத்தியோடு நிறுத்திக்கொள்வது என்று பஃபலோ ஃபோர்ஜ் முடிவெடுத்தது. கேரியர் வளர்த்த பிரிவுக்கு அங்கே இடமில்லை. அவரும் லைலும் இன்னும் ஐந்து இளம் இன்ஜினீயர்களும் சேர்ந்து, சேமிப்பையெல்லாம் போட்டு 32,600 டாலர் திரட்டினார்கள். 1915 ஜூன் 26-ல் கேரியர் இன்ஜினீயரிங் கார்ப்பரேஷன் பிறந்தது.

1922-ல் அவர்கள் அறிமுகப்படுத்திய சென்ட்ரிஃபியூகல் சில்லர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை இருந்த இயந்திரங்கள் பெரியவை, கசிந்தால் விஷமாகும் அமோனியாவில் ஓடுபவை. கூட்டம் கூடும் இடத்தில் வைக்கவே பயம். புதிய சில்லர் சின்னது, அதில் டைலீன் என்ற ஆபத்து குறைந்த திரவம். 1924-ல் டெட்ராய்ட்டின் ஹட்சன் கடையில் அது பொருத்தப்பட்டது.

அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர். அன்று ஏசியைப் போடத் தாமதமாகிவிட்டது. உள்ளே வந்த கூட்டம் கைவிசிறியை வீசிக்கொண்டிருந்தது. பாரமவுண்ட் நிறுவனத்தின் தலைவர் அடால்ஃப் ஜூகோர் வேறு உட்கார்ந்திருக்கிறார். கேரியரும் கூட்டாளிகளும் பின்னால் நின்று படத்தைப் பார்க்கவில்லை, விசிறிகளைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொன்றாக விசிறிகள் மடிக்கு இறங்கின. கடைசி விசிறியும் நின்றபோதுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

1920-களின் இறுதியில் வீடுகளுக்கும் ஒரு மாடல் கொண்டுவந்தார். பொருளாதார வீழ்ச்சி வந்து அதை முடக்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயர வானத்தின் கடுங்குளிரைத் தரையிலேயே உண்டாக்கும் குளிரூட்டும் அமைப்பை, கிளீவ்லாந்தில் இருந்த விமான ஆய்வுக்கூடத்தின் காற்றுச் சுரங்கத்துக்காக வடிவமைத்தார். 1950 அக்டோபர் 7-ல் நியூயார்க்கில் இறந்தார். வயது 73. வீட்டுக்கு வீடு ஏசி வந்த காலத்தைப் பார்க்க அவர் இல்லை.

உங்கள் வீட்டு ஏசிக்குக் கேரியர் முறை

கேரியரின் கணக்கில் ஏசிக்கு நாலு வேலை: காற்றின் வெப்பம், ஈரம், ஓட்டம், சுத்தம். இந்த நாலையும் வரிசையாகப் பார்த்தாலே பாதிப் பழுது பிடிபடும்.

* சுத்தம்: முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். இதற்குச் செலவே இல்லை.

* ஓட்டம்: காற்று வேகமாக வருகிறதா? வேகம் குறைந்து, உள் யூனிட்டின் காயிலில் ஐஸ் கட்டியிருந்தால், ஒன்று காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. ஃபில்டரையும் காயிலையும் சுத்தம் செய்த பிறகும் ஐஸ் கட்டினால் கேஸ்மேல் சந்தேகப்படலாம்.

* வெப்பம்: ஏசி கால் மணி நேரம் ஓடிய பிறகு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் சாதாரணத் தெர்மாமீட்டரால் அளக்கலாம். சுமார் 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் ஏசி ஓரளவு சரியாகவே இருக்கிறது. அறை பெரிதாக இருப்பதோ, வெயில் நேராக விழுவதோ காரணமாக இருக்கலாம். புழுக்கமான நாளில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும்.

* ஈரம்: புழுக்கமான நாளில் டிரெய்ன் பைப்பில் தண்ணீர் சொட்ட வேண்டும். கேரியர் 1902-ல் காற்றிலிருந்து எடுத்த அதே தண்ணீர்தான் இது. சொட்டவே இல்லை என்றால் காயில் போதுமான அளவு குளிரவில்லை. தண்ணீர் அறைக்குள் வடிந்தால் பெரும்பாலும் டிரெய்ன் அடைப்புதான், அது சின்ன வேலை.

வெளி யூனிட்டில் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுபோகிறது என்றால், இன்வெர்ட்டர் இல்லாத ஏசிகளில் கெப்பாசிட்டரை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அது விலை குறைந்த பாகம். கம்ப்ரசரே போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். நீங்களே திறக்காதீர்கள். கரண்ட்டை நிறுத்தினாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேஸ் விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. ஏசி கேஸ், சமையல் கேஸ் மாதிரி எரிந்து தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வேக்குவம் போட்டு, யூனிட்டின் லேபிளில் உள்ள எடைக்குச் சரியாக நிரப்பச் சொல்லுங்கள்.

செலவை எப்படி முடிவு செய்வது?

இங்கே கிரிஸ்டல் சிட்டி கணக்கு கைகொடுக்கும். அதிகபட்சம் என்ன? புது ஏசி வாங்க வேண்டிவரும், அவ்வளவுதான். அந்தத் தொகையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்பேர் மதிப்பீட்டைப் பாகம், கேஸ், கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாரண்டி அட்டையையும் பாருங்கள். பல நிறுவனங்கள் கம்ப்ரசருக்குத் தனியாக நீண்ட வாரண்டி தருகின்றன. ஆனா கேஸுக்கும் கூலிக்கும் அது பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள்.

பிறகு இரண்டு தொகையையும் ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 12,000 ரூபாய் ரிப்பேர் செய்தால் பழைய ஏசி இன்னும் 2 ஆண்டு ஓடும் என்றால், ஆண்டுக்கு 6,000 ரூபாய். 40,000 ரூபாய்க்குப் புதுசு வாங்கி 8 ஆண்டு ஓடினால், ஆண்டுக்கு 5,000 ரூபாய். கரண்ட் பில்லில் மிச்சமாவது தனி. அதே ரிப்பேர் 4 ஆண்டு தாங்கும் என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய்தான், பழசே லாபம்.

அடுத்த முறை மெக்கானிக் வரும்போது, எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால், எதை அளந்து பார்த்து இந்தப் பழுதைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கருவியை எடுத்துக் காட்டுவார்.